என் தலைக்கு வந்த தேர்தல்

உனக்கு இதெல்லாம் எதற்கு என்று முதலில் சொல். காலையில் லேப்டாப்பைத் திறந்தால் சாயங்காலம் வரை யாரோ வெளிநாட்டுக்காரனோடு பேசிக்கொண்டிருக்கிறாய். அவனிடம் கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் தீர்ந்துவிட்டதா? எதிர்வீட்டுக் கிழவியின் கதையைக் கேட்க ஒரு கிண்ணம் எலுமிச்சை ஊறுகாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய். ஊறுகாயில் உப்பு பத்தவில்லை. இருந்தாலும் அங்கே வை.

தேர்தல் சமயத்திலேயே கேட்டிருக்கலாம். அப்போது உனக்குத் தோன்றவில்லை. கவுன்சிலருக்கு நின்றவரின் மனைவி மூச்சு வாங்க மூன்றாவது மாடிவரை ஏறி வந்தாள். உன் இடுப்பில் இருந்த குழந்தையின் தலையில் கை வைத்து, பாப்பா மேல் சத்தியமாக ரோடும் கால்வாயும் வந்துவிடும் என்றாள். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். உன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. “ஆன்ட்டி, அவங்க அன்பா தொடறாங்க” என்றாய். அவளிடம் எனக்காக மன்னிப்பு வேறு கேட்டாய். போதாததற்கு மோர் கொடுத்து அனுப்பினாய். அப்புறம் நீயும் உன் வீட்டுக்காரரும் வரிசையில் நின்று அவருக்கே ஓட்டுப் போட்டுவிட்டு, விரல் மையைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினீர்கள்.

இப்போது ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டு ஆளைக் காணோம். உன் ஸ்கூட்டி அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறிப் பாதி உயிராகிவிட்டது. கவுன்சிலரின் போன் எந்நேரமும் அணைந்தே கிடக்கிறது. நம் பிளாட் வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கத்துக்குப் பதிலாக அவரைத் திட்டுகிறார்கள். திட்டித் தீர்ந்த பிறகுதான் கிழவி ஏன் கையைத் தட்டினாள் என்ற சந்தேகம் உனக்கு வந்திருக்கிறது. சரி, உட்கார். குழந்தையை இப்படிக் கொடு. அவள் தலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். வேலப்பன்சாவடியில் இப்போது கல்லூரி பஸ்கள் வரிசையாக நிற்கிறதே, அதற்குப் பின்னால் தாழ்வாக ஒரு தெரு இருந்தது. பள்ளத் தெரு என்று பெயர். பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை. நாலாபக்கத்து மழைத் தண்ணீரும் எங்கள் தெருவில் இறங்கி, தெருக்கோடியில் இருந்த கால்வாய் வழியாகக் கூவத்துக்குப் போய்விடும். அந்தக் கால்வாயை ஒட்டி ஒருவர் கல்யாண மண்டபம் கட்டினார். கட்டியவர் சமையற்கட்டின் பின்பக்கத்து மதிலைக் கால்வாய்க்குக் குறுக்கே இழுத்துவிட்டார். அதற்குப் பிறகு தண்ணீர் கூவத்துக்குப் போகவில்லை. எங்கள் வீடுகளுக்கு வந்தது. தனியாகவும் வரவில்லை. மண்டபத்து ஆட்கள் எச்சில் இலைகளைச் சுவருக்கு மேலிருந்து எங்கள் பக்கம் கொட்டுவார்கள். தண்ணீரோடு அவையும் வாசற்படி ஏறும். மிதந்து வருகிற இலையைப் பார்த்தே எந்தக் கல்யாணத்தில் என்ன சாப்பாடு என்று எங்கள் தெருப் பெண்கள் சொல்லிவிடுவார்கள். பத்திரிகை வைக்காமலே எல்லாக் கல்யாணத்தையும் பார்த்த தெரு அது.

என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், முக்கு ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். சைக்கிள்கள் சுமார்தான். அவருடைய உண்மையான தொழில் சண்டை. அதைச் சம்பளம் வாங்காமல் செய்தார். பூந்தமல்லி பஸ் எங்கள் நிறுத்தத்தில் நிற்காமல் போனாலும், ரேஷன் கடைக்காரர் மண்ணெண்ணெயை நுரையோடு அளந்து ஊற்றினாலும், தெருவில் என்னைத்தான் தேடுவார்கள். ஓடிப் போய் உன் மாமாவைக் கூட்டிக்கொண்டு வா என்பார்கள். நான் ஓடுவேன். “மாமா, சண்டை” என்றால் போதும். எங்கே, யாரோடு என்று கேட்கமாட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவருடைய சண்டைக்கு ஒரு முறை உண்டு. எதிராளிக்கு நேரே காலை அகட்டி நிற்பார். பிறகு அவனுடைய அப்பாவைப் பற்றி விசாரிப்பார். அதற்கு மேல் மாமாவின் குரல் மட்டும்தான் கேட்கும். முடிகிறபோது பஸ் நின்றிருக்கும், மண்ணெண்ணெய் அளவாக வந்திருக்கும். தன் பங்குக்கு மாமா ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

அவ்வளவு பெரிய சண்டைக்காரரால் அந்தச் சுவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. மண்டபத்துக்காரர் வெளியே வருவதே கிடையாது. வாட்ச்மேன் உள்ளே விடமாட்டான். வாட்ச்மேனின் அப்பாவை எத்தனை முறை விசாரித்தும் சுவர் அசையவில்லை. பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோதுதான் எங்கள் தெருவுக்கு அந்த யோசனை வந்தது. சைக்கிள் கடைக்காரராகப் போனால் கேட்டைத் திறக்கமாட்டார்கள். பிரசிடெண்டாகப் போனால் திறந்துதானே ஆக வேண்டும்? உள்ளே மட்டும் போய்விட்டால் மீதியை மாமாவின் தொண்டை பார்த்துக்கொள்ளும். இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது என்று பிற்பாடு ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. என் அம்மாவுக்குத்தான் என்று அப்பா சொல்வார்.

மாமாவுக்குப் பூட்டுச் சின்னம் கிடைத்தது. மறுநாளிலிருந்து எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் பூட்டுக் கோலம். ஆனால் கோலம் போட்டவர்களுக்கெல்லாம் நம்பிக்கை இருந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. ஜெயித்தவர்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்று அவர்களும் பார்த்திருந்தார்கள். “நம்ப ஊட்டு மனுசன்தான், இல்லேன்னு சொல்லல. ஜெயிச்சப்புறம் இந்தப் பக்கம் வருவாரா?” என்று கேட்டார்கள். மாமாவை எதிர்த்து நின்றவன் நோட்டீஸ் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். எங்களுக்கு நோட்டீஸுக்கு வசதி இல்லை. என் தலை இருந்தது.

அம்மா என்னை முன்னால் இழுத்து, என் உச்சந்தலையில் அடித்தாள். “இத்தோ, என் பொண்ணு தலைமேல அடிச்சி சொல்றேன். மழைக்கு முன்னாடி அந்தச் செவுரு ஒடையும். எங்க அண்ணன் ஒடைப்பாரு.”

வீட்டுக்கு வீடு இப்படித்தான். சும்மா தொடுகிற சத்தியம் இல்லை; சத்தம் வர வேண்டும். சத்தம் வந்தால்தான் உள்ளே அடுப்படியில் இருக்கிற மாமியாருக்கும் கேட்கும். எனக்கு எண்ணெய் வைத்திருந்த நாளில் அம்மாவின் கை வழுக்கிவிடும். அது கணக்கில் சேராது என்று இன்னொரு தரம் அடிப்பாள். விளையாடிக்கொண்டிருக்கிற என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தலையை வாங்கிப் போனாள். 

அம்மாவின் இடுப்பில் என் தம்பியும் இருந்தான். முதல் மொட்டைகூடப் போடாத கைக்குழந்தை. என் தலையைவிட வட்டமான தலை, கைக்கும் பக்கம். எங்கள் தெருவில் இட்லி சுட்டு விற்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். யாரையும் லேசில் விடமாட்டாள். அவள் வாய்க்குள் சிரித்துக்கொண்டு, “பையன் தலைமேல அடிச்சி சொல்லேன் பாப்போம்” என்றாள். அம்மா தம்பியை மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “எந்தத் தலையா இருந்தா இன்னாக்கா, சத்தியம் சத்தியந்தான்” என்று சொல்லி, மறுபடியும் என் தலையிலேயே அடித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் இருக்கிற தலைகளில் நம்பகமான தலை என்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா ஜெயித்தார். மாலை போட ஓடி வந்தவர்களில் முதல் ஆள் மண்டபத்துக்காரர். இருந்ததிலேயே பெரிய மாலையும் அவருடையதுதான். மாமா அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். என் முட்டிவரை தொங்கியது. தெருவே கைதட்டியது.

சொன்னபடி மாமா சுவர் விஷயமாக மண்டபத்துக்குக் கிளம்பினார். அவர் போகிற சண்டைக்கெல்லாம் நான் கூடப் போவது வழக்கம். வழியெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டே வந்தார். புது வேட்டியை லுங்கி மாதிரியே மடித்துக் கட்டிக்கொண்டார். எத்தனையோ நாள் எங்களை விரட்டின வாட்ச்மேன் சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்தான். எங்கள் தெருவின் யோசனை பலித்துவிட்டது. மாமா உள்ளே போய்க் காலை அகட்டி நின்றார். வாயையும் திறந்தார்.

அதற்குள் மண்டபத்துக்காரர் ஓடி வந்து, “வாங்க தலைவரே” என்று தோளில் இருந்த துண்டால் ஒரு நாற்காலியைத் துடைத்தார். பொண்ணு மாப்பிள்ளை வரவேற்பில் உட்காருகிற, சிவப்பு வெல்வெட் போட்ட நாற்காலி. மாமா வேண்டாம் என்றார். அவர் விடவில்லை. இரண்டு தோளையும் பிடித்து உட்காரவைத்துவிட்டு, தான் மட்டும் எதிரே நின்றுகொண்டார்.

அங்கேதான் கெட்டது. உட்கார்ந்துகொண்டு சண்டை போட மாமாவுக்குத் தெரியாது. மடித்துக் கட்டிய வேட்டியோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நன்றாக இருக்காது என்று அவிழ்த்துவிட்டுக்கொண்டார். காப்பி வந்தது. எனக்கு ஒரு பாதுஷா வந்தது. எதிராளியோ கையைக் கட்டி நின்றுகொண்டு, தலைவரே, தலைவரே என்கிறார். இந்த நிலைமையில் அவருடைய அப்பாவைப் பற்றி எப்படி விசாரிப்பது? இருந்தாலும் பழக்கத்தை விடாமல் மாமா விசாரித்தார். “அப்பா நல்லா கீறாரா?” என்று கேட்டார்.

கடைசியில் சுவர்ப் பேச்சும் வந்தது. “பாத்துப் பண்ணிடலாம் தலைவரே” என்றார் மண்டபத்துக்காரர். வெளியே வந்ததும் மாமா அதையே என்னிடம் கொடுத்தனுப்பினார். பாத்துப் பண்ணிடலாம் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார். நான் வீட்டுக்கு ஓடி, சுவர் உடையப்போகிறது, பாதுஷா கொடுத்தார்கள் என்று சொன்னேன். அம்மா அடுத்த வீட்டுக்குச் சொல்ல எழுந்து போய்விட்டாள்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மிஷினில் வேலை பார்த்தவர். நாளெல்லாம் இரைச்சலில் நின்றுவிட்டு வருவதால் வீட்டில் பேச்சு குறைவு. அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “யாரு உக்காந்தாங்க, யாரு நின்னாங்க?” மாமா உட்கார்ந்திருந்தார், மண்டபத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார் என்று பெருமையாகச் சொன்னேன். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அப்புறம் மழை வந்தது. சத்தியம் எல்லாம் அதற்குத் தெரியாது. எங்கள் வீட்டில் தண்ணீர் முதலில் அடுப்புக்குள் போகும், அப்படியே போனது. அம்மா தொட்டிலை உயர ஏற்றிக் கட்டிவிட்டு, பழையபடி என்னைப் பார்த்தாள். ஓடு, மாமாவைக் கூட்டிக்கொண்டு வா என்றாள். தெருப் பெண்கள் எல்லாரும் முழங்கால் தண்ணீரில் வாசலில் நின்று நான் ஓடுவதைப் பார்த்தார்கள்.

சைக்கிள் கடையில் வேறு யாரோ பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பிரசிடெண்ட் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள். எங்கே? அதே மண்டபத்தில். நான் நனைந்துகொண்டே அங்கே போனேன். மாமா முதல் வரிசையில் மண்டபத்துக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கிட்டே போய், “மாமா, சண்டை” என்றேன். வழக்கமாகச் சொல்கிற அதே இரண்டு வார்த்தை. மாமா எழுந்திருக்கப் பார்த்தார். பாதி எழுந்தும்விட்டார். மண்டபத்துக்காரர் அவர் தொடையில் கை வைத்து, “இன்னா தலைவரே, சாப்புடாமப் போனா எப்பிடி?” என்றார். மாமா உட்கார்ந்தார். “ஊட்டுக்குப் போம்மா. பாத்துப் பண்ணிடலாம்னு சொல்லு” என்று சொல்லி, அவருக்குக் கொடுத்திருந்த தாம்பூலப் பையை என் கையில் வைத்தார்.

நான் தனியாகத் திரும்பி வந்ததைத் தெரு பார்த்தது. பையில் ஒரு தேங்காயும் வெற்றிலை பாக்கும் இருந்தன. அம்மா தேங்காயைக் கையில் வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். வைக்க எங்கேயும் காய்ந்த இடம் இல்லை.

இட்லிக்கார அக்கா அவள் வாசலில் இருந்து சொன்னாள். “முன்னாடி சண்ட போட ஒரு ஆளாச்சும் இருந்துச்சி. ஓட்டு போட்டு அதையும் கெடுத்துக்கினோம்.”

இதைவிடச் சரியாக ஒருவரும் சொல்லவில்லை. தண்ணீர் வடிந்த பிறகும் அதுதான் தெருவின் பேச்சு. பஸ் மறுபடியும் நிற்காமல் போயிற்று. மண்ணெண்ணெயில் நுரை திரும்ப வந்தது. கூப்பிட ஆள் இல்லை. பிரசிடெண்டைப் போய் பஸ் கண்டக்டரோடு சண்டை போடக் கூப்பிட முடியுமா? கோபத்தை மாமாவிடம் காட்டவும் முடியவில்லை. அவர் இந்தப் பக்கம் வந்தால்தானே. எல்லாம் அம்மாவிடம் வந்து சேர்ந்தது. யாரும் திட்டவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார்கள். குழாயடிக்கு அம்மா போனால் குடத்தை நகர்த்தி இடம் விடுவார்கள், முகத்தைப் பார்க்கமாட்டார்கள். அதற்குப் பதிலாக என்னைப் பார்ப்பார்கள். என்னை என்றால் என் தலையை.

இட்லிக்கார அக்காவுக்கு என் வயதில் ஒரு பெண் இருந்தாள். அவள்தான் எனக்கு விஷயத்தை விளக்கினாள். “பொய் சத்தியம் பண்ணா தல வெடிச்சிடுமாம். எங்கம்மா சொல்லிச்சி.” எப்போது வெடிக்கும் என்று கேட்டேன். அது அவளுக்குத் தெரியவில்லை. திடீரென்று இருக்கும் என்றாள். எனக்காக அவளும் கொஞ்சம் கவலைப்பட்டாள். பாண்டி ஆடும்போது என்னைக் குதிக்க விடாமல், எனக்குப் பதிலாக அவளே குதித்தாள்.

அன்றிலிருந்து நான் தலையை நிறைகுடம் மாதிரி வைத்துக்கொண்டு நடந்தேன். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். அப்பாவின் துண்டை எடுத்துத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் அவிழ்க்கச் சொன்னபோது காது வலி என்று சொன்னேன். மழையில் நனைந்ததோ என்னவோ, அந்த வாரமே காய்ச்சலும் வந்தது. தலை நிஜமாகவே வலித்தது. சரி, ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு துண்டை இன்னும் இறுக்கினேன்.

அம்மா கஞ்சி கொண்டுவந்தாள். துண்டை அவிழ்க்கப் பார்த்தாள். நான் விடவில்லை. எதற்கு இது என்று கேட்டாள்.

“வெடிச்சா செதறாம இருக்கும்ல” என்றேன்.

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. முழுதும் சொன்னேன். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் தலையில் கை வைக்க வந்தவள், வைக்காமல் கையை எடுத்துக்கொண்டாள்.

காய்ச்சல் விட்ட மறுநாள் அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள். மாமாவைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். அம்மா வாசற்படியிலேயே நின்று, “அண்ணா, ஞாயித்துக்கெழம வேற்காட்டுல மொட்ட. தாய்மாமன் மடி வேணும்” என்றாள். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாமாவுக்கு வாயெல்லாம் பல். “மருமவனுக்கு மொட்டையா? ஜமாய்ச்சிடலாம்மா” என்றார். யாருக்கு என்று அம்மா சொல்லவில்லை. யார் கூப்பிட்டாலும் வராமல் இருக்க ஒரு பிரசிடெண்டுக்குக் காரணம் கிடைக்கும். தங்கை மடி கேட்டால் வராமல் இருக்க எந்தத் தாய்மாமனுக்கும் காரணம் கிடையாது. அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது.

திருவேற்காட்டுக்கு மாமா காரில் வந்தார். கார் மண்டபத்துக்காரருடையது. வெள்ளைச் சட்டை மொடமொடவென்று இருந்தது. கூட வந்தவர்கள் கையில் சீர்த் தட்டு. அதில் தம்பிக்குப் புதுச் சட்டை, வெள்ளி அரைஞாண், பழம், பூ. மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மொட்டை போடுகிற இடத்தில் பலகை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தம்பிக்காகக் கையை நீட்டினார்.

அம்மா என்னைப் பிடித்து அவர் மடியில் உட்காரவைத்தாள்.

“இவளுக்கா? இவளுக்குத்தான் அப்பவே போட்டாச்சே” என்றார் மாமா.

“இவளுக்குத்தான்.”

கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பொண்ணு பெர்சா கீதும்மா. மடி எதுக்கு, கீழ உக்கார வெய்யி” என்றார். மடியில்தான் என்றாள் அம்மா. ஒன்பது வயதுப் பெண் மாமா மடியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? என் கால் பலகைக்கு வெளியே நீண்டது. என் தலை மாமாவின் முகத்தை மறைத்தது. அவர் எட்டிப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது.

“இன்னா வேண்டுதல்மா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“மழைக்கு முன்னாடி செவுரு ஒடையும்னு இது தலைமேல அடிச்சி சொன்னேன். தெரு பூரா சொன்னேன்” என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. ஏதோ காய்கறி விலை சொல்கிற மாதிரி சொன்னாள். “செவுரு நின்னுட்டுப் போவுது. தல நிக்கணும்னு வேண்டிக்கினேன்.”

சீர்த் தட்டு வைத்திருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். தண்ணீர் தெளித்துக் கத்தி வைத்தார்கள். தலை அசையாமல் இருக்க மாமா இரண்டு கையாலும் என் கன்னங்களைப் பிடித்துக்கொண்டார். முடி கொத்துக் கொத்தாக அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது. எனக்கு ஒரே நிம்மதி. சத்தியம் முடியோடு போய்விட்டது, இனி குதிக்கலாம், தும்மலாம். மாமாவுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் சட்டையில் ஒட்டியிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். காரில் ஏறும்வரை எடுத்துக்கொண்டே இருந்தார். சீர்த் தட்டைத் தம்பிக்கே கொடுத்துவிட்டுப் போனார். மொட்டை எனக்கு, அரைஞாண் அவனுக்கு.

அன்றைக்குச் சாயங்காலம் நான் வாசலில் உட்கார்ந்து சந்தனம் தடவிய தலையை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. எங்களுக்குப் பழக்கமான குரல். வெகு நாளாகக் கேட்காத குரல். முதலில் இட்லிக்கார அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள். “ஆரம்பிச்சிட்டாருடி” என்றாள். ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் வந்து நின்றார்கள். மாமா மண்டபத்துக்காரரின் அப்பாவைப் பற்றி விசாரித்தார். நல்லா கீறாரா என்ற விசாரணை இல்லை, பழைய விசாரணை. தாத்தாவையும் விசாரித்தார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு மாமாவின் வார்த்தைகளைக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தது.

திடீரென்று குரல் நின்றது. தெருவே சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. அடி விழுகிற சத்தம் இல்லை, செங்கல் விழுகிற சத்தமும் இல்லை. ஒரு காக்கா மட்டும் சுவர்மேல் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது.

“நாற்காலி போட்டுட்டாங்க” என்றார் அப்பா.

பிறகு இட்லிக்கார அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கரண்டியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அடுத்த வீட்டுக்காரி சிரித்தாள். அதற்கு அடுத்தவள் சிரித்தாள். கடைசியில் தூணைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவும் சிரித்துவிட்டாள். அவள் சிரித்த பிறகுதான் அவர்கள் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். எத்தனையோ நாள் கழித்து வந்தார்கள்.

அந்தச் சுவர் ரோட்டை அகலப்படுத்தியபோதுதான் போனது. அதற்குள் நான் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றிருந்தேன். அதற்காக யாரும் யார் தலையிலும் அடிக்கவில்லை. மாமா அடுத்த தேர்தலிலும் நின்றார். எங்கள் தெருவில் பூட்டுக் கோலம் போட ஆள் இல்லை. பெட்டியைத் திறந்தபோது அவருக்கு எங்கள் தெருவில் ஒரே ஒரு ஓட்டு விழுந்திருந்ததாகப் பேசிக்கொண்டார்கள். அது யாருடையது என்று அப்பா கேட்கவில்லை.

மொட்டை போட்ட அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். உன் குழந்தை தூங்கிவிட்டாள். இட்லிக்கார அக்கா என்னைக் கிட்டே இழுத்து, வழவழவென்று இருந்த தலையை உள்ளங்கையால் தடவினாள். எதற்கு மொட்டை என்று அம்மாவைக் கேட்டாள். பேன் என்றாள் அம்மா. எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குப் பேனே இல்லை. தெருவில் எங்களுக்கெல்லாம் தலை வாரிப் பேன் பார்க்கிறவளே அந்த அக்காதான். என் தலை சுத்தம் என்று அவளே அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அதை நான் சொல்லப்போனேன். அம்மா தொடையில் கிள்ளினாள். இட்லிக்கார அக்கா என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். “ஆமா, நாந்தான் பாத்தேனே. ஒரே பேனு” என்றாள். பக்கத்தில் நின்றவர்களும் தாங்களும் பார்த்ததாகச் சொன்னார்கள். ஒருத்தி ஈரும் இருந்தது என்றாள்.

என் தலைமேல் அடித்துச் சொன்ன சத்தியத்தை நம்ப மாட்டோம் என்று அத்தனை கேள்வி கேட்ட பெண்கள், தலையில் முடியே இல்லாதபோது சொன்ன பொய்யை எதற்கு இப்படி ஒற்றுமையாக நம்புகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. என் தலை சுத்தமான தலை என்று அழுதேன். என் அழுகையைக் கவனிக்க ஆள் இல்லை. ராத்திரிக்கு இட்லிக்கார அக்கா வீட்டிலிருந்து எங்களுக்குக் குழம்பு வந்தது. அதற்குப் பிறகு யார் என் தலையைப் பார்த்துக் கேட்டாலும், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அம்மா இதையே சொன்னாள்:

“தலைல பேனு ரொம்பப் போச்சிக்கா. பிரசிடெண்டு வேலையெல்லாம் உட்டுட்டு எங்க அண்ணன்தான் வந்து, மடில வெச்சிக்கினு எடுத்தாரு. அவர மாதிரி யாரு வருவாங்க, சொல்லு.”